ஐந்து நாள் வானியல் முகாமில் பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறையில் ஐந்து நாள் தங்கிப் படிக்கும் வானியல் முகாம், 12 முதல் 15 வயது வரை நாற்பது மாணவர்கள், கையில் இருப்பது 6 அங்குல வாய் உள்ள ஒரு தொலைநோக்கியும் இரண்டு பைனாகுலரும். கேட்டவர் அறிவியல் ஆசிரியர், ஆனால் வானியல் படித்தவர் இல்லை. பாடம் நடத்துவது போல் இல்லாமல் பிள்ளைகள் கையால் செய்கிற மாதிரி என்னென்ன வைக்கலாம், இன்னும் தொலைநோக்கி வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். இருக்கிற ஒன்றையே மூன்றாம் நாள் இரவு வரை உறையிலிருந்து எடுக்காமல் இருந்தால் நல்லது என்பேன். நான் முதன்முதலில் நடத்திய முகாமில் தொலைநோக்கியைத்தான் நடுநாயகமாக வைத்தேன். அறுபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கு அரை நிமிடம். முன்னால் பார்த்தவன் ஐபீஸைப் (கண் வைத்துப் பார்க்கிற பக்கத்து லென்ஸைப்) பிடித்து அசைத்துவிட்டுப் போயிருப்பான், அடுத்து வந்தவள் வெற்று வானத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் நிற்பவர்கள் நெருக்குவதால் "தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பாள். மறுநாள் காலை என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு ஒரு பையன் "வெள்ளையா ஒரு பொட்டு" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் அது தானே அளந்து கண்ட ஓர் எண்ணாவது இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில் தேறியவை.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். பலரும் பௌர்ணமியை ஒட்டி முகாம் வைக்கிறார்கள், நிலா பெரிதாகத் தெரியுமே என்று. பௌர்ணமி நிலவுதான் தொலைநோக்கியில் பார்க்க மிக மோசமானது, வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, பள்ளங்கள் எல்லாம் தட்டையாகிவிடும், போதாக்குறைக்கு மற்ற நட்சத்திரங்களையும் அது மறைத்துவிடும். அமாவாசை கழிந்து நான்காம் நாள் தொடங்கி எட்டாம் நாள் முடிகிற மாதிரி வையுங்கள். மாலையில் பிறை இருக்கும், நாளுக்கு நாள் வளர்வதைப் பிள்ளைகளே பார்க்கலாம், முதல் ஓரிரு நாட்களில் அது சீக்கிரமே மறைந்துவிடுவதால் இருட்டு வானமும் கிடைக்கும்.

இன்னொன்று, கோடையில் இரவு குறுகியது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக இருட்டுவதற்கே வெகுநேரமாகும், பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். ஆகவே கோடை முகாமுக்கு முக்கியமான நட்சத்திரம் பகலில் தெரிகிற ஒன்றுதான். முதல் இரண்டு பகல்களையும் சூரியனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு மீட்டர் நீளக் குச்சி, சமதளமான தரை, தூக்குக்குண்டு கட்டிய நூல், சாக்பீஸ், இவ்வளவுதான் வேண்டும். குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை ஒன்பது மணியிலிருந்து கால் மணிக்கு ஒரு தரம் நிழலின் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். நிழல் எப்போது மிகக் குட்டையாகும் என்று முன்கூட்டியே கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் பன்னிரண்டு மணி என்பார்கள். ஆகாது, பெரும்பாலும் ஆகவே ஆகாது. கடிகாரம் காட்டுவது நாட்டின் பொது நேரம், அந்த நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து உங்கள் ஊர் ஒவ்வொரு பாகை விலகும்போதும் நான்கு நிமிடம் மாறும், அதோடு பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஆண்டின் நாளைப் பொறுத்துச் சூரியன் கடிகாரத்தைவிடப் பதினாறு நிமிடம் வரை முந்தவோ பதினாலு நிமிடம் வரை பிந்தவோ செய்யும். இந்த விளக்கத்தை முதலிலேயே கொட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் தங்கள் புள்ளிகளைப் பார்த்து "கடிகாரம் தப்பா, நாம தப்பா?" என்று சண்டை போடட்டும். அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

உச்சிவேளையை ஒட்டி நிழல் மிக மெதுவாகத்தான் மாறும், எந்தப் புள்ளி மிகக் குட்டை என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. குச்சியை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழல்நுனி அந்த வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து குச்சிக்குக் கோடு இழுத்தால் அதுதான் சரியான வடக்கு–தெற்கு. பிறகு காந்த ஊசியை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள், பல இடங்களில் ஊசி கொஞ்சம் விலகி நிற்கும், பிள்ளைகள் ஊசியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். ஓர் எச்சரிக்கை: 23.5 பாகை அட்சரேகைகளுக்கு இடைப்பட்ட ஊர்களில் கோடையில் சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடும், நண்பகல் நிழல் சில சென்டிமீட்டர்தான் இருக்கும், எதிர்ப்பக்கமாகக்கூட விழும். அது குறையில்லை, சொல்லப்போனால் அதிர்ஷ்டம், ஆனால் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் நீங்களே குழம்பிப் போவீர்கள்.

இன்னொரு ஊரில் தெரிந்த ஆசிரியர் இருந்தால், கிட்டத்தட்ட நேர் வடக்கிலோ தெற்கிலோ சில நூறு கிலோமீட்டர் தள்ளி, அதே நாளில் அவர்களையும் குச்சி நடச் சொல்லுங்கள். குச்சியின் உயரம், நண்பகல் நிழலின் நீளம், இவ்விரண்டையும் தாளில் அளவு குறைத்து வரைந்து கோணமானியால் சூரியன் உச்சியிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் கண்டுபிடித்துக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டியதுதான். 500 கிலோமீட்டர் இடைவெளிக்கு வித்தியாசம் சுமார் நாலரைப் பாகை வரும். அந்த வித்தியாசம் 360 பாகையில் எத்தனை தடவை அடங்குகிறதோ, அத்தனை மடங்கு இடைவெளிதான் பூமியின் சுற்றளவு. கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் சுமார் கி.மு. 240-இல் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டது இதே வழியில்தான், எகிப்தின் இரண்டு ஊர்களுக்கு இடையே அவருக்குக் கிடைத்த வித்தியாசம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. உங்கள் பிள்ளைகளுக்கு 37,000 வந்தாலும் 43,000 வந்தாலும் கைதட்டுங்கள். உண்மையான அளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதை அவர்கள் தங்கள் எண்ணை எழுதி முடித்த பிறகே சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடைக்கு ஏற்ற மாதிரி அளவைத் திருத்திவிடுவார்கள். எல்லா வயதிலும் நடக்கிற விஷயம்தான் இது.

இரண்டாம் நாள், கண்ணாடித்துண்டு. இது எனக்கு மிகப் பிடித்த சோதனை. சிறிய முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கறுப்புத் தாளால் மூடி, தாளில் 5 மி.மீ. அளவுக்குச் சதுரமாக ஓட்டை வெட்டுங்கள். வெயிலில் அதைப் பொருத்தி, பட்டுத் தெறிக்கிற ஒளியை இருபது மீட்டர் தள்ளி இருக்கும் இருட்டு அறையின் சுவரில் விழச் செய்யுங்கள். ஓட்டை சதுரம், சுவரில் விழுவதோ வட்டம். ஏன் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். அது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் படம். அதன் குறுக்களவு 18, 19 செ.மீ. இருக்கும், தூரத்தை அதனால் வகுத்தால் 107, 108 என்று வரும். சூரியனுக்கு உள்ள தூரத்தைச் சூரியனின் குறுக்களவால் வகுத்தாலும் அதே எண்தான். தூரம் 15 கோடி கிலோமீட்டர் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், சூரியனின் அகலம் கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு! அந்தப் படம் சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும், தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக எடுக்கும், அதையும் கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியனில் பெரிய புள்ளிக் கூட்டம் இருக்கிற நாளாக அமைந்தால் லேசான கறையாகத் தெரியவும் கூடும். கண்ணாடிப் பக்கம் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, அங்கே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பகலில் தொலைநோக்கியும் பைனாகுலரும் பூட்டிய அறையில் இருக்க வேண்டும். சூரியனைத் தொலைநோக்கியில் காட்டியே ஆக வேண்டுமென்றால் வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூடுகிற வகையாக இருக்க வேண்டும், ஐபீஸில் திருகுகிற சின்ன வடிகட்டி கூடவே கூடாது, குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டுவிடும். பக்கத்தில் இருக்கும் சின்னத் தேடுநோக்கியை மூட மறந்துவிடுவார்கள், அதுவும் கண்ணைச் சுடும். எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, குறுந்தகடு எதுவும் உதவாது. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதுதான் இதில் பயங்கரமே, எரிவது எரிந்து முடிந்த பிறகுதான் பார்வை போனதே தெரியும்.

இரவுக்கு வருகிறேன். முதல் இரவு வெறும் கண், வெறும் கை. கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் ஒரு பாகை, மடக்கிய முஷ்டி பத்துப் பாகை. சின்னப் பிள்ளைக்குக் கை சிறிதாச்சே என்று கேட்பார்கள், விரல் சிறிதானால் கையின் நீளமும் குறைவுதான், விகிதம் ஏறக்குறைய ஒன்றே. நிலவைச் சுண்டுவிரலால் மறைக்க முடியுமா என்று முன்பே பந்தயம் கட்டுங்கள், பாதிப் பேர் முடியாது என்பார்கள், நிலவோ அரைப் பாகைதான். பிறகு கோணமானியில் ஒரு உறிஞ்சுகுழலை ஒட்டி, நூலில் இரும்பு நட்டு ஒன்றைத் தொங்கவிட்டால் உயரம் அளக்கும் கருவி தயார். வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் தெரிகிற ஊராக இருந்தால் அதன் உயரத்தை எல்லாக் குழுவும் அளக்கட்டும், அதுவே ஊரின் அட்சரேகை, முக்கால் பாகைக்குள். ஐந்து குழுவும் ஐந்து விடை சொல்லும். ஒரு பாகை என்றால் தரையில் 111 கிலோமீட்டர் என்று சொல்லி, தங்கள் பிழையை வரைபடத்தில் ஒரு பட்டையாக வரையச் சொல்லுங்கள். "நாம எங்கேயோ கடலுக்குள்ள இருக்கோம்" என்று ஒரு குழு கண்டிப்பாகச் சொல்லும். பிழை என்பது திட்டு வாங்குவதற்கான விஷயமல்ல, அதற்கும் ஓர் அளவு உண்டு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும். (இதே கருவியால் பகலில் சூரியனை அளக்கும்போது குழல் வழியாகப் பார்க்கக் கூடாது, குழல் வழியே வரும் ஒளி உள்ளங்கையில் விழுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.)

சுவர் சோதனையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மேற்கிலோ தெற்கிலோ உயரமான சுவர் அல்லது கட்டட விளிம்பு ஒன்று வேண்டும். கண்ணை ஒரே இடத்தில் வைக்க, ஓட்டை போட்ட அட்டையை ஒரு கம்பத்தில் அசையாமல் கட்டிவிடுங்கள். பிரகாசமான நட்சத்திரம் ஒன்று விளிம்பில் மறையும் கணத்தை நொடிச் சுத்தமாகக் குறிக்க வேண்டும். நட்சத்திரம் வெறும் புள்ளி என்பதால் விளக்கை அணைத்த மாதிரி சட்டென்று மறையும், அதைப் பார்ப்பதே ஒரு தனி அனுபவம். மறுநாள் அதே நட்சத்திரம், அதே ஓட்டை. 3 நிமிடம் 56 நொடி முன்னதாகவே மறைந்துவிடும். முதல் நாள் குறித்த நேரத்துக்குச் சாவகாசமாக வந்தவர்கள் கோட்டை விட்டுவிட்டு நிற்பார்கள், விட்டவர்களே அதை அப்புறம் மறக்க மாட்டார்கள். பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்கிறது, அதனால் நட்சத்திரக் கணக்கில் நாள் நான்கு நிமிடம் குறைவு. நான்கு நிமிடத்தை 365-ஆல் பெருக்கச் சொல்லுங்கள், 24 மணி நேரத்தை ஒட்டி வந்து நிற்கும், ஒரு வருடம் ஆனதும் அதே நட்சத்திரம் அதே நேரத்துக்குத் திரும்பிவிடும் என்பதும் தானாக வந்துவிடும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்து போகிற இந்த விஷயத்தை ஒரு சுவரும் கைக்கடிகாரமும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

நட்சத்திரங்களை எண்ணுவதும் நன்றாக எடுபடும். 10 செ.மீ. நீளம், 4 செ.மீ. வாய் உள்ள அட்டைக் குழாய் வழியாகத் தெரியும் வானம், தலைக்கு மேல் கவிந்திருக்கும் அரைக்கோள வானத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. பத்துத் திசைகளில் எண்ணி, சராசரியை ஐம்பதால் பெருக்கினால் அந்த இடத்தில் தெரியும் மொத்த நட்சத்திரங்கள் எவ்வளவு என்று ஒரு தோராயம் வரும். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தடவை, இருட்டான மூலையில் ஒரு தடவை. வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இப்படித் திசை திசையாக எண்ணித்தான் 1785-இல் பால்வழியின் வடிவத்தை வரைந்தார், அவர் எண்ணியது தொலைநோக்கி வழியாக. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடமாகும், யாராவது ஒருவர் செல்போனைத் திறந்தால் சுற்றியுள்ள எல்லாருக்கும் அது மறுபடி தொடக்கத்திலிருந்து. டார்ச்சில் சிவப்புத் தாள் கட்டுங்கள், போன்களை வாங்கி வைத்துவிடுங்கள்.

நிலவுக்கு வெள்ளைப் பந்து ஒன்று போதும். பிறை தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழலால் என்று பெரியவர்களே நிறையப் பேர் நம்புகிறார்கள். முகாமின் நான்காம் நாள் பிற்பகலில் வெயில் இருக்கும்போதே நிலவும் வானத்தில் தெரியும். பந்தை நிலவுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி வெயிலில் தூக்கிப் பிடித்தால் பந்திலும் அதே பிறை, அதே சாய்வில்! அதற்கு மேல் நீங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

சரி, இப்போது தொலைநோக்கி. மூன்றாம் இரவு எட்டு எட்டுப் பேராக ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஐந்து இடங்களில் சுழற்சியாக விடுங்கள்: தொலைநோக்கி ஓரிடம், பைனாகுலர் ஓரிடம், கோணமானி, எண்ணும் குழாய், சுவர். தொலைநோக்கிக்கு வரும் எட்டுப் பேருக்கு அரை மணி நேரம் கிடைக்கும். ஒவ்வொருவரும் தானே திருப்பி நிலவைக் கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் கண்டுபிடித்துக் கொடுக்கக் கூடாது. பார்க்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், இந்த ஒரு விதியால் பாதித் தொல்லை போய்விடும். குள்ளமான பிள்ளைக்கு ஒரு முக்காலி. கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம். பெருக்கத்துக்கு ஆசைப்படாதீர்கள், குழாயின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் பெருக்கம், 1200 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, அது தாராளம். சின்னத் தொலைநோக்கிப் பெட்டியின் மேல் ஐந்நூறு மடங்கு என்று போட்டிருந்தால் அதைத் தொடாமலே திரும்பி வந்துவிடலாம்.

ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒரே ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து வரையச் சொல்லுங்கள், அழகாக வர வேண்டியதில்லை, நிழல் எந்தப் பக்கம் என்று இருந்தால் போதும். மறுநாள் அதே பள்ளத்தைப் பார்த்தால் நிழல் சுருங்கியிருக்கும். வியாழன் மாலை வானில் இருக்கிற பருவமாக அமைந்தால் மிச்சமுள்ள எல்லா இரவும் அதன் நான்கு நிலவுகளையும் வரைய வேண்டும், கலிலியோ 1610 ஜனவரி 7-இல் தொடங்கி இரவுக்கு இரவு செய்தது இதைத்தான். அவற்றில் ஒன்றான அயோவுக்கு ஒரு சுற்று 1.77 நாள், ஆகவே தினமும் இடம் மாறிக் குழப்பும், எது எது என்று பிள்ளைகளே வாதாடட்டும். வட அரைக்கோளத்தில் சப்தரிஷி மண்டலத்து வசிஷ்டரையும் அருந்ததியையும் விடாதீர்கள், வெறும் கண்ணில் இரண்டு, தொலைநோக்கியில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்), நெபுலாக்கள் (வாயுவும் தூசியும் சேர்ந்த மேகங்கள்) இவற்றின் வண்ணப் படங்களை மட்டும் முன்கூட்டிக் காட்டிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறத் திட்டு, படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றம்தான்.

மேகம் வரும், கட்டாயம் வரும். டிவிடி துண்டும் அட்டைப் பெட்டியும் வைத்து நிறமாலை பார்க்கும் கருவி செய்ய வைக்கலாம், பழைய குழல்விளக்கில் பாதரசத்தின் பச்சைக் கோடும் நீலக் கோடும் தனித்தனியாக நிற்கும், எல்இடி விளக்கில் வண்ணம் தொடர்ந்து ஓடும். ஹீலியம் என்ற தனிமத்தின் கோட்டை 1868-இல் சூரிய ஒளியில்தான் முதலில் கண்டார்கள், பூமியில் அது பிடிபட்டது 1895-இல்தான் என்று அப்போது சொன்னால் கேட்பார்கள். மைதானம் இருந்தால் சூரியக் குடும்பத்தை ஆயிரம் கோடியில் ஒரு பங்காக நட்டு வையுங்கள்: சூரியன் 14 செ.மீ. பந்து, பூமி பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு கடுகைவிடச் சின்னது, வியாழன் 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு, நெப்டியூன் 450 மீட்டரில். அடுத்த நட்சத்திரம் எங்கே என்று கேட்பார்கள், சுமார் 4,000 கிலோமீட்டர். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் இலவசம், அதையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேகம் மூடிய இரவுக்கு மட்டும்.

லென்ஸ் வைத்துத் தொலைநோக்கி செய்வது நேரத்தை விழுங்கும், ஒரு முழுப் பகல் இருந்தால் மட்டும் தொடுங்கள். 50 செ.மீ. குவியத் தூர லென்ஸும் 5 செ.மீ. லென்ஸும் அட்டைக் குழாயில் 55 செ.மீ. இடைவெளியில் நின்றால் பத்து மடங்கு, படம் தலைகீழ். ஓரத்தில் வண்ணம் பிசிறினால் முன் லென்ஸை நடுவில் 2 செ.மீ. மட்டும் விட்டு அட்டையால் மூடுங்கள், கலிலியோவும் தன் லென்ஸை அப்படித்தான் மூடினார்.

வானியல் படிக்காத நான் நடத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நடத்தலாம், ஆனால் மேலே சொன்ன ஒவ்வொன்றையும் முகாமுக்கு முன் நீங்களே ஒரு தடவை செய்திருக்க வேண்டும், கண்ணாடித்துண்டை எந்த ஜன்னலுக்குத் திருப்புவது, எந்தச் சுவரில் எந்த நட்சத்திரம் எத்தனை மணிக்கு மறைகிறது என்பதெல்லாம் அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். சுவருக்குத் தொடர்ந்து இரண்டு இரவு வேண்டும். இன்றைக்கு வானம் தெளிவாக இருந்தால் இன்றைக்கே ஒன்றைக் குறித்து வையுங்கள், நாளைக்கு ஐந்து நிமிடம் முன்னாடியே போய் நின்றுவிடுங்கள்.